கேதம் சொல்லாத ஊர்

எங்கள் ஊரில் யாரும் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். "உன் இஷ்டந்தான்" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுப் பெண்ணிடம் வந்து "உன் இஷ்டந்தான் தாயி" என்பார்கள். பாகப்பிரிவினையில் கையெழுத்துக் கேட்கும்போதும் "உன் இஷ்டந்தான்" என்பார்கள். கல்யாணமாகி வந்து இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் கூடி முடிவு செய்துவிட்டதை நீயாக ஆசைப்பட்டுச் செய்கிற மாதிரி செய்யவேண்டும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

நான் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புக்கு அடிப்படை உரிமைகள் பாடம் நடத்துவேன். இந்த நாட்டின் எந்த மூலைக்கும் நீ தடையில்லாமல் போய்வரலாம், எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், அது உன் உரிமை என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை எழுப்பிவிட்டுச் சொல்லச் சொல்வேன். சொல்லாத பிள்ளைக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

வீடு சுருளிப்பட்டி போகிற வழியில் ஒரு ஊரில். சுற்றிலும் திராட்சைப் பந்தல். வைகாசியில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்துச் சாமி சாட்டினால், முதல் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துண்டை நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. அடுத்த வாரம் புதன்கிழமை முளைப்பாரியை ஆற்றில் கரைக்கிறவரை அதை அவிழ்க்கக் கூடாது. கட்டிக்கொண்டவர்கள் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வெளியூரில் ராத்தங்கல் கூடாது. கேத வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

கேதம் என்றால் சாவு. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முறைப்படி கேதம் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் ஆள் போய்ச் சொன்னார்கள், இப்போது போன். அந்தச் சொல் காதில் விழுந்த நிமிடத்திலிருந்துதான் கேட்டவர்கள் வீட்டுக்குத் தீட்டு. அதுவரை கிடையாது. ஊரே அறிந்திருந்தாலும், அந்த வீட்டு ஆளிடம் வாய்விட்டு ஒருவர் சொல்லாதவரைக்கும் அந்தச் சாவு நடக்கவே இல்லை. அதனால் திருவிழா நேரத்தில் காப்புக் கட்டிய வீட்டுக்குக் கேதம் வந்தால், ஊர் அதைத் தடுத்து வைத்துக்கொள்ளும். காப்பு அவிழ்த்தபிறகு சொல்லும். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டபோது, பலே, சாவையே காக்க வைக்கிற ஆட்கள் என்று சிரித்திருக்கிறேன்.

என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தான். அன்றைக்கு என் வீட்டுக்காரர் அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டார், நான் முளைப்பாரி போடுவதாக வேண்டிக்கொண்டேன். பிள்ளை எழுந்துவிட்டான். ஆனால் ஊரில் இரண்டு தெருக்காரர்களுக்குள் கரகம் யார் எடுப்பது என்று தகராறு வந்து, திருவிழாவே வருடக்கணக்கில் நின்றுபோனது. நேர்த்திக்கடன் அப்படியே கிடந்தது. நடுவில் ஒரு வருடம், அறுவடை நேரத்தில் மழை கொட்டிப் பந்தல் பந்தலாகப் பழம் வெடித்துப் போயிற்று. எங்கள் பக்கத்து வீட்டு மதினி தோட்டத்தில் ஒரு கொத்துக்கூடத் தேறவில்லை. சாமி சாட்டாத குத்தம் என்று எல்லோரும் பேசிப் பேசி, கடைசியில் சண்டையை விட்டு இந்த வருடம் சாட்டினார்கள்.

நானாகத்தான் காப்புக் கட்டிக்கொண்டேன். என்னை யாரும் பிடித்து இழுத்துக் கட்டவில்லை. யாருக்காக வேண்டிக்கொண்டோமோ அந்த மகன் பெங்களூரில் கம்பெனியில் இருக்கிறான். "லீவு தர மாட்டேங்கிறான்மா, நீங்க நல்லா கும்பிட்டுக்குங்க" என்று வீடியோவில் சொன்னான். ஊரில் இல்லாதவனுக்குக் கட்டுப்பாடும் இல்லை.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் தம்பி போன் போட்டான். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, தேனிப் பக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றான்.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த வீடு மயிலாடும்பாறைப் பக்கம். தம்பியோடும் அம்மாவோடும் அங்கேதான் இருந்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் அவருக்கு எந்த ஊருக்கு எந்த நேரத்துக்கு எந்த வண்டி என்பது விரல் நுனியில். யார் வீட்டுக்கு வந்தாலும், வாங்க என்று சொன்ன வாயாலேயே திரும்பிப் போகிற பஸ்ஸையும் சொல்லிவிடுவார். வந்தவர்கள் இதென்ன விரட்டுகிறாரா என்று விழிப்பார்கள்.

பள்ளிக்கூடம் கோடை லீவு, தினமும் காலையில் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். என் கையில் மஞ்சளைப் பார்த்ததும் "சாமி சாட்டியாச்சாக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், பிறகு தினமும் சாயங்காலம் ஆனால் என்னை அவரே கிளப்பிவிட ஆரம்பித்தார். "நாலரைக்கு ஒரு வண்டி வரும்த்தா. சின்னமனூரு, பாளையம் எல்லாம் நின்னு நின்னுதான் போவான், இருந்தாலும் பொழுதுக்குள்ள கொண்டு விட்டுருவான். அதை விட்டுராத. கெளம்பு கெளம்பு." மூச்சு வாங்க வாங்க இதைச் சொல்வார். நானும் கிளம்புவேன். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, வீரபாண்டி தாண்டுகிறவரை அழுவேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர், ரெண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார். அன்றைக்கு ஊருக்குத் திரும்பினதும் நேரே கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு மாமா முறை. ஒரே ஒரு ராத்திரி அப்பாவோடு இருந்துவிட்டு வரட்டுமா மாமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு ஆத்திரமாக இருந்தது. பெற்ற அப்பனைப் பார்க்க இவரிடம் போய் நிற்கிறேனே என்று.

அவர் பதறிப்போனார். "என்ன டீச்சரம்மா, ஏங்கிட்டப் போயி கேட்டுக்கிட்டு? ஊரு என்ன பூட்டா போட்டு வச்சிருக்கு? தகப்பன் விசயம். தாராளமாப் போங்க."

எனக்கு மனசு லேசானது. அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா ஒண்ணு. இத்தனை வருசங்கழிச்சுச் சாட்டியிருக்கு. பழம் வேற எறக்குற நேரம். நாளைக்கு ஒரு மழை கிழை அடிச்சு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, நாலு பேரு உங்க வீட்டைத்தான் கையக் காட்டுவாக. நான் சொல்ல மாட்டேன். சொல்லுவாக. அதான். மத்தபடி உங்க இஷ்டம்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கை நீட்டியவர் இல்லை, என் சம்பளத்தைக் கேட்டவர் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போறதுன்னா போ. நான் தடுக்கல. பிள்ளைக்காக நேந்தது, அதை மட்டும் நெனைச்சுக்க."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்துவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் யாருமே கத்தவில்லை. எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள், எனக்குத்தான் கால் வரவில்லை. காய்ச்சலில் பிள்ளை கண் சொருகிக் கிடந்த முகம் ஒரு பக்கம், குழாயோடு அப்பா முகம் ஒரு பக்கம். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது யார் என்றுதான் இன்றைக்குவரை தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா கொஞ்சம் தெளிவாக இருந்தார். இளநீர் இரண்டு ஸ்பூன் இறங்கியது. பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். மத்தியானம் தூங்கினார். எழுந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. வழக்கமாக இந்நேரத்துக்கு என்னை விரட்ட ஆரம்பித்திருப்பார். அன்றைக்குச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

நானே கேட்டேன். "அப்பா, கெளம்பட்டா?"

திரும்பிப் பார்த்தார். கையை என் கை மேல் வைத்தார், காப்புக் கட்டியிருந்த கைமேல்.

"உன் இஷ்டம்த்தா."

அவர் ஒருவர்தான் அந்த வார்த்தையை உண்மையாகச் சொன்னார். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்துதான் எழுந்து செருப்பை மாட்டினேன். மறுநாள் முளைப்பாரி கரைத்ததும் சாயங்காலமே வந்துவிடுகிறேன், அப்புறம் ஒரு மாசம் ஆனாலும் உங்களோடுதான் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

புதன்கிழமை காலையில் எழுந்தபோது வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னார், "உந் தம்பிகிட்டப் பேசிட்டேன். மாமா நல்லாத் தூங்குறாகளாம். தொந்தரவு பண்ண வேணாம்." அவராகப் போன் போட்டு விசாரித்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தம்பிக்கு நானும் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மெசேஜ்: நல்லாருக்காக, டாக்டர் நிக்கிறாரு, அப்பறம் பேசுறேன்.

பக்கத்து வீட்டு மதினி கேட்காமலே இட்லி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாயில் ஆரம்பித்துக் குப்பை கொட்டுவதுவரை சண்டைதான். அன்றைக்கு என் தலையைத் தடவி "சாப்பிடுத்தா, வெறும் வயித்துல நிக்காத" என்றாள். கமிட்டி மாமா வாசல் வழியாகப் போகும்போது நின்று, "என்ன டீச்சரம்மா, பாரி நல்லா வந்துருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு சித்தப்பா தினமும் விடியுமுன்னே ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போடுவார். அன்றைக்கு அவர்கூடப் போடவில்லை. அப்பாடா, இன்றைக்காவது சும்மா இருக்கிறாரே என்று நினைத்தேன். எவ்வளவு மக்கு நான்.

மத்தியானம் முளைப்பாரி வீட்டில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தோம். மஞ்சள் சேலை, ஈரத்தலை. என் பாரி ஒரு முழம் வளர்ந்து வெளிர்பச்சையாக நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேளக்காரர்கள் வந்ததும் தலையில் தூக்கவேண்டும். கும்மி நடந்துகொண்டிருந்தது. அப்போது போன் வந்தது.

என்னோடு வேலை பார்க்கிற கணக்கு டீச்சர். கம்பத்தில் முஸ்லிம் குடும்பம், எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஒரே சிநேகிதி. குரலே சரியில்லை.

"டீச்சர், எங்க வீட்டுக்காரக பெருநாளைக்கு ஆடு பாக்க மயிலாடும்பாறைப் பக்கம் போனாக. பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸ் வச்சிருக்காம். உங்க பேரு போட்டிருக்குன்னு படம் எடுத்து அனுப்பினாக. அப்பா தவறிட்டாகளே டீச்சர். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. இப்ப எங்கன இருக்கீக? சாயங்காலம் எடுக்கிறாகளாமே?"

அவளுக்கு எங்கள் ஊர்க் காப்பு தெரியாது, தெரிந்தாலும் இப்படி ஒரு வழக்கத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனைக் கீழே விட்டேன். "எங்கப்பா..." என்று வாயைத் திறந்தேன்.

பக்கத்தில் நின்ற மதினி என் வாயைப் பொத்தினாள். சும்மா பொத்தவில்லை, பல் உதட்டில் அழுந்த, இன்னொரு கையால் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு பொத்தினாள். மஞ்சள் வாடை மூக்கில் ஏறியது.

"சொல்லாதத்தா. சொல்லிராத. உம் பிள்ளைக்கு நேந்ததுத்தா. இன்னம் ஒரு நேரம். எந்தாயி, எஞ்சாமி, சொல்லிராத."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் என்ன ஆச்சு என்கிற கேள்வி இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காலையில் இட்லி கொண்டுவந்தவளுக்கு, பூ கட்டிக் கொடுத்தவளுக்கு, என் பாரிக்குத் தண்ணீர் தெளித்தவளுக்கு, எல்லோருக்கும். நான் அவள் கையைப் பிடுங்கி வீசிவிட்டுக் கத்தினேன். நான் கத்துவதற்குள் யாரோ குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். உடனே எல்லோரும் சேர்ந்து குலவை போட்டார்கள். அத்தனை பெண்கள், அந்தச் சின்ன வீட்டுக்குள். என் சத்தம் என் காதுக்கே கேட்கவில்லை.

நான் கிளம்பினேன். இதையும் சொல்ல வேண்டும், யாரும் தடுக்கவில்லை. வழிவிட்டார்கள். மதினிதான் வாசல்வரை ஓடிவந்து செருப்பை எடுத்துப் போட்டாள். "போறதுன்னா போத்தா, உன் இஷ்டம். வாயத் தொறக்காமப் போயிரு. உம் பாரிய நான் தூக்குறேன்."

தெருவில் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் கையில் காப்பு. எல்லோரும் மேளத்துக்குப் பின்னால் நின்றார்கள். நான் மெயின்ரோடுவரை நடந்தேன், நடந்தேன் என்ன, ஓடினேன். கம்பத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தேனிக்கு ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். மஞ்சள் சேலையில் வேப்பிலை ஒட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் மணிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "சாமிக்குக் கட்டிருக்கியா தாயி? எம் மகளுக்குப் பிள்ளையில்ல, வேண்டிக்கத்தா." சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் நின்று வேகமாகப் போங்கண்ணே என்று கேட்டேன். நிறுத்தத்தில் எல்லாம் நிறுத்தித்தான் போனார்.

பஸ்ஸைவிட்டு இறங்கினதும் பிளெக்ஸ். அப்பாவின் படம், காக்கிச் சட்டையில் எடுத்தது. சுற்றிலும் விளக்கு. கீழே, இவரது பிரிவால் வாடும் என்று போட்டு, மனைவி, மகன், மருமகள், அதற்கடுத்து மகள் என்று என் பேர். பக்கத்தில் ஆசிரியை என்றுகூடப் போட்டிருந்தார்கள். காலையிலேயே அடித்திருப்பார்கள். நான் பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது இங்கே நான் வாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெருவில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தெரு பூராவும் பிய்த்துப் போட்ட பூ. எடுத்துவிட்டார்கள். பொம்பளைகள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் எனக்குச் சத்தம் வெடித்தது. படி ஏறப் போனேன்.

அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"வராதத்தா. இந்தக் கோலத்துல உள்ள வராத. கையில காப்பு இருக்கு. சாமி குத்தமாயிரும், பேரனுக்கு ஆகாதுத்தா. அங்கனயே நில்லு."

"அம்மா, அப்பாவக் கடைசியா ஒரு தடவ..."

"நில்லுத்தா. எந்தாயில்ல? நில்லு."

அவளுக்கு எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அந்த நிலையிலும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பின்னால் நகர்ந்தேன். காப்பை இப்போதே அறுத்துப் போடுகிறேன் என்று நூலில் விரலை வைத்தேன். "கரைக்கிறதுக்கு முன்ன அறுக்காத" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். பிறந்த ஊரும் புகுந்த ஊரும் இந்த ஒரு விஷயத்தில் அப்படி ஒரு ஒற்றுமை.

எதிர்வாடையில் குடிதண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் ஓரத்தில் போய் நின்றேன். என் அப்பா வீட்டுக்கு எதிரே, ஊர்க்காரர்கள் பார்க்க, மஞ்சள் சேலையோடு நின்றேன். சுடுகாட்டுக்குப் போகலாம் என்றால் பொம்பளை போகக் கூடாது, வீட்டுக்குள் போகலாம் என்றால் காப்பு, ஊருக்குத் திரும்பலாம் என்றால் இனி என்னத்துக்கு. யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை.

சுடுகாட்டிலிருந்து ஆம்பளைகள் திரும்பினார்கள். தம்பி மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நேரே என்னிடம் வந்தான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். சட்டை போடவில்லை.

"ஏன்டா சொல்லல?"

"அப்பாதான்க்கா சொன்னாக." அவன் அழுதான். "நேத்து நீ போனப்பறம் சொன்னாக. ஒண்ணு ஆயிட்டா அவளுக்குச் சொல்லிராதீக, காப்பு அவுக்கட்டும்னாக. அப்பா பேச்சை நான் எப்படிக்கா மீறுறது?"

நிஜமாகவே சொன்னாரா? என் கையைப் பிடித்துக்கொண்டு உன் இஷ்டம் என்றவர், நான் படி இறங்கினதும் இவனிடம் அப்படிச் சொன்னாரா? அல்லது இவனுக்கு இது சொல்லிக்கொடுத்த பதிலா? சொன்னார் என்றால் நான் யார்மேல் கோபப்பட? சொல்லவில்லை என்றால் அதை எனக்கு யார் வந்து சொல்ல? கேட்டுத் தெளிவதற்கு அவர் இல்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தேன், அவனும் சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டுதான் நின்றான்.

பொழுது இறங்கிய பிறகு வீட்டுக்காரர் போன் போட்டார்.

"கரைச்சாச்சு. இப்ப அவுத்துரு."

முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. நீ போனதை ஒருத்தரும் தப்பாப் பேசல. மாமாவுக்கு ரொம்ப முடியலன்னு கேள்விப்பட்டுத்தான் கெளம்புனன்னு சொல்லியாச்சு. தவறுனது அங்கன போயி, கரைச்சப்பறந்தான் உனக்குத் தெரியும். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிரு. அப்பத்தான் சட்டிக்கும் பாரிக்கும் கொறையில்ல."

"இதை யாரு முடிவு பண்ணுனது?"

"யாருன்னு என்னத்தச் சொல்ல? எல்லாருந்தான். நான் இப்பவே கெளம்பி வர்றேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனேன். அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. என்னைச் சுற்றி ஒருத்தரும் அழவில்லை. அவர்கள் எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் புதிதாக ஆரம்பித்தேன்.

கருமாதி முடிந்து, பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் ஊருக்குத் திரும்பினேன். இந்த வருடம் பழம் இறக்கி முடிகிறவரை மழை பெய்யவில்லை, பழம் வெடிக்கவில்லை, நல்ல விலைக்குப் போனதாகச் சொன்னார்கள். மறுநாளே தெருப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். வாசலில் செருப்பு நிறைந்தது. கட்டிப்பிடித்து அழுதார்கள். நடிப்பில்லை, நிஜமான அழுகைதான். மதினி என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு, கமிட்டி மாமாவின் சம்சாரம் மூக்கைச் சிந்திக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டது.

"உனக்கு எப்பத்தா தெரியும்?"

கும்மி பாடியதும், குலவை போட்டதும் இந்த வாய்கள்தான். இந்தக் கண்கள்தான் பார்த்துக்கொண்டு நின்றன. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்தரும் மிரட்டவில்லை. நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உள்ளே சுவரில் மகனின் போட்டோ தொங்கியது. என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன போயித்தான் தெரியும். ராத்திரிதான்" என்றேன்.

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். மதினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "நல்ல பிள்ளத்தா நீ" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காப்பி போட உள்ளே எழுந்து போனாள்.